என்னத்தை ஏத்த?

சைக்கிள் மிதிக்காத கால் எம்மவரில் யாருக்கும் இருக்காது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்ட பின்னர் காரும் லொறியும் அம்புலன்ஸும் எல்லாம் சைக்கிள்தான். விறகு கட்டினோம், அரிசி மூட்டை கட்டினோம், காய்ச்சல்காரரைக் காரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு உருட்டினோம். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமமே எழும்பி நடந்தபோது வீட்டுச் சாமானெல்லாம் அதில்தான் தொங்கியது. ஆகவே, "ஞாயிற்றுக்கிழமை சும்மா சைக்கிள் ஓடப் போவமே?" என்று ஒரு நண்பர் கேட்டதும், எங்களில் மூத்த அண்ணை திருப்பிக் கேட்டது நியாயமான கேள்விதான்: "என்னத்தை ஏத்த?"

ஏற்ற ஒன்றுமில்லாமலே ஐந்து பேர் புறப்பட்டோம். நால்வர் எம்மவர். ஐந்தாமவர் எங்களோடு இரவு வேலை செய்யும் சமோவாக்காரர்.

மனுகாவ் 1965 முதல் தனி நகரசபையாக இருந்து, 2010 நவம்பரில் ஒக்லாந்து மாநகரசபையோடு சேர்ந்தது. புதிதாக வந்த எங்களுக்கு மனுகாவ் என்றால் மோட்டார்வே, கடைத்தொகுதி, வேலைத்தலம், அவ்வளவுதான். அதே பெயரில் பெரியதொரு உட்கடல் மேற்கே பரந்து கிடக்கிறது என்பதைப் பலர் வருடக்கணக்காக அறிவதில்லை. காரில் போனால் தெரியாது. சைக்கிளில் போனால் மூக்குக்கே தெரிந்துவிடும்.

புதியவர்களுக்கு ஒரு சொல். இங்கும் ஊரைப்போல இடது பக்கந்தான் ஓடவேண்டும். தலைக்கவசம் 1994 ஜனவரி முதல் கட்டாயம். பாரில் ஆளை இருத்தி டபிள் போகிற கதை இங்கே சரிவராது.

பாப்பாட்டோயிட்டோயிலிருந்து மேற்கே மாங்கரேக்கு மிதித்தோம். வழியில் மஸி வீதியில் அகதிகள் மீள்குடியேற்ற நிலையம் இருக்கிறது. ஒதுக்கீட்டில் வரும் குடும்பங்கள் முதல் சில வாரங்களைக் கழிக்கும் இடம். அண்ணை அந்த வாசலில் காலூன்றி ஒரு நிமிடம் நின்றார். நாங்களும் நின்றோம். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து இஹுமாட்டாவ். விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள இந்த இடத்தைப் பார்க்காமல் மனுகாவைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். ஒட்டுவாட்டாவா கல்வயல்களில் எரிமலைக் கற்களை வரிசைவரிசையாக அடுக்கி, மாவோரி மக்கள் குமரா பயிரிட்டிருக்கிறார்கள். குமரா வேறொன்றுமில்லை, எங்கள் வற்றாளங்கிழங்குதான். வெப்ப நாட்டுப் பயிர் இந்தக் குளிரில் எப்படி விளையும்? கல் பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்து, இரவில் மண்ணுக்குக் கொடுக்கிறது. தோட்டக்காரரின் மகனான அண்ணை குந்தியிருந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடாத்தான் கிடக்கு" என்றார்.

இந்த நிலத்து மக்களும் எழுப்பப்பட்டவர்களே. 1863 ஜூலையில், இராணிக்கு விசுவாசப் பிரமாணம் செய், இல்லாவிட்டால் தெற்கே வைக்காற்றோவுக்குப் போ என்று ஆளுநர் கட்டளையிட்டார். போனவர்களின் காணி பறிமுதலாயிற்று. பின்னாளில் அதில் ஒரு பகுதியில் வீடுகள் கட்ட ஏற்பாடானபோது சந்ததியார் அங்கேயே கூடாரமடித்து இருந்தார்கள். 2019இல் ஆயிரக்கணக்கானோர் வந்து கூடவே நின்றார்கள். 2020 டிசம்பரில் அரசாங்கம் ஏறக்குறைய மூன்று கோடி டொலர் கொடுத்து அந்தக் காணியை வாங்கியது. 157 வருடங்கள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம்.

அங்கிருந்து அம்பரி பண்ணைப் பூங்கா வரை ஏழு கிலோமீற்றர் கரையோரப் பாதை. 1960இல் இந்தக் கடலை மறித்து நகரத்துக் கழிவுநீருக்குக் குளங்கள் கட்டினார்கள். சிப்பி பொறுக்கிய கரைகள் கெட்டுப்போயின. 2000களின் தொடக்கத்தில் குளங்களை அகற்றிவிட்டுக் கடலை மறுபடி உள்ளே விட்டார்கள். இப்போது பறவைகள் நிற்கின்றன. சுத்திகரிப்பு நிலையம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. காற்றுத் திரும்பினால் நீங்களே அறிவீர்கள்.

மாங்கரேயிலிருந்து ஒனிஹங்காவுக்குக் கடக்க, 1915இல் கட்டிய பழைய பாலம் நின்ற இடத்தில் நடப்போருக்கும் சைக்கிளோடுவோருக்கும் மட்டும் ஒரு பாலம் 2022இல் திறந்திருக்கிறார்கள். அதன் பெயருக்குச் 'சோம்பல் காற்றுகள்' என்று பொருளாம். அன்று எங்கள் முகத்தில் அடித்த காற்றில் சோம்பலை நாங்கள் காணவில்லை.

ஒனிஹங்காவில் பப். இந்தச் சொல்லைக் கேட்டதும் வீடுகளில் முகங்கள் மாறும் என்பது தெரியும். குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்களை நாமும் கண்டிருக்கிறோம். அந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் வேலைத்தலத்தில் கூப்பிடுகிறபோதெல்லாம் "இல்லை, வீட்டை போகவேணும்" என்று சொல்லிச்சொல்லியே எத்தனை பேர் பத்து வருடம் ஒரே மேசையில் வேலை செய்தும் பக்கத்திலிருப்பவனை அறியாமல் இருக்கிறோம்!

முறை இதுதான். ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அதை 'ஷௌட்' என்பார்கள். அடுத்த சுற்று இன்னொருவருடையது. பியர்தான் வேண்டுமென்பதில்லை. எலுமிச்சைப் பானம் கேட்டால் எவரும் சிரிப்பதில்லை. ஒருகாலத்தில் இந்நாட்டில் மாலை ஆறு மணிக்கே பப் பூட்டவேண்டுமென்று சட்டம். 1917 தொடக்கம் 1967 வரை அப்படி. வேலைவிட்டு ஓடிவந்து ஒரு மணித்தியாலத்துக்குள் முட்டக் குடித்தார்களாம். இப்போது அந்த அவசரமில்லை. இருவர் ஒவ்வொரு கிளாஸ் பியரோடு நிறுத்தினார்கள். சமோவாக்காரர் தேவாலயத்தில் மூப்பர். அவருக்கு ஜிஞ்சர் பியர் மட்டுந்தான்.

அவர்தான் அன்று பேசினார். 1970களில் தகப்பன் தொழிற்சாலை வேலைக்கு வந்தது, பிறகு வேலை குறைந்ததும் விசா முடிந்தவர்களைத் தேடிப் பொலிஸார் விடியப்புறத்தில் கதவைத் தட்டியது, தாய் பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளியது. விசா முடிந்தவர்களில் பலர் வெள்ளையர், தட்டியதோ எங்கள் கதவுகளைத்தான் என்றார். 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி பிரதமர் ஜசிந்தா ஆடெர்ன் நகரமண்டபத்தில் மன்னிப்புக் கேட்டபோது, அந்தத் தாய் உயிரோடில்லை.

விடியப்புறத்துக் கதவுத் தட்டலை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அண்ணை தன் கதையைச் சொன்னார். கொழும்பில் ஒரு லொட்ஜ், அதிகாலை நாலு மணி, அடையாள அட்டை. பல வருடமாக அவரை அறிந்த எங்களுக்கே அது புதிது. அவருடைய ஆங்கிலம் அரைகுறை. சமோவாக்காரருக்கு ஒரு சொல்லும் தவறவில்லை. கதை முடிய எழுந்துபோய் அடுத்த ஷௌட்டை அவரே வாங்கிவந்தார், அது அவருடைய முறையுமல்ல.

திரும்ப மிதிக்கக் கால் மறுத்தது. ஒனிஹங்காவில் ரயில் நிலையம் உண்டு. சைக்கிளுக்குத் தனிக் கட்டணமில்லை, இடமிருந்தால் ஏற்றலாம். தெற்கே வர வண்டி மாறவேண்டும். அடுத்த முறை பிள்ளைகளும் வரப்போகிறார்கள். அவர்களோடு கரையோரப் பாதையை மட்டும் ஓடுவதாக உத்தேசம், அம்பரியில் பசுக்களும் ஆடுகளும் நிற்கின்றன. தண்ணீர்ப் போத்தலும் காற்றடிக்கும் பம்பும் கொண்டுவாருங்கள்.