குளத்து நீர், 44 டிகிரி

8.9.2025, திங்கள், கோழிக்கோடு

ஓணம் விடுமுறை முடிந்து வந்தால் மேசைமேல் ஒரு கேன் குளத்து நீர். பஞ்சாயத்து மெம்பர் அக்கறையாக ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கோலிஃபார்ம் பார்க்க அது சரி. மூளையைத் தின்னும் அமீபா என்று பத்திரிகைகள் எழுதுகிற நெக்லேரியா ஃபௌலேரிக்கு ஐஸ் ஆகாது. குளிரில் அது செத்துப்போகும். குளத்தில் இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் போய்விடும். அடிச்சேறு கலங்கின நீர் ஒரு லிட்டர், ஐஸ் இல்லாமல் வேண்டும் என்றேன்.

"சாயங்காலம் ரிசல்ட் கிட்டுமா சாரே?"

ஒரு வாரத்துக்கு மேலாகும் என்றதும் முகம் தொங்கிவிட்டது.

9.9, செவ்வாய்

புது நீர் வந்தது. வடிகட்டி, வடிதாளை அகார் தட்டில் கவிழ்த்தாயிற்று. அகாரில் சத்து எதுவும் கிடையாது. மேலே பூசிய ஈ.கோலைதான் அமீபாவுக்குச் சோறு. இன்குபேட்டர் 44 டிகிரி. பெரும்பாலான அமீபாக்களுக்கு இந்தச் சூடு தாங்காது.

11.9, வியாழன்

ஒரு தட்டில் மேய்ச்சல் தெரிகிறது. வெள்ளைப் பூச்சு ஓரிடத்தில் வட்டமாகக் கரைந்து, விளிம்பில் அமீபாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. உடம்பின் ஒரு பக்கம் திடீரெனப் பிதுங்குகிறது, மீதி உடம்பு அதற்குள் வழிந்துபோகிறது. இன்னொரு தட்டில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டு அசமந்தமாக நகர்வது அகாந்தமீபா. அதை ஒதுக்கிவைத்தேன்.

12.9, வெள்ளி

விளிம்பிலிருந்து துளி சுரண்டிக் காய்ச்சி வடித்த நீரில் விட்டு, 37 டிகிரியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் சில பேரிக்காய் வடிவாகி, இரண்டு வால் முளைத்து விறுவிறுவென்று நீந்தின. எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி. நெக்லேரியாதான், ஆனால் எந்த இனம்? தீங்கில்லாத லோவனியென்சிஸும் இதே சூட்டில் வளரும், இதேபோல் வால் விடும். கண்ணால் பிரிக்க முடியாது. பிசிஆருக்கு அனுப்பிவிட்டு மெம்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன்: ரிசல்டுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே பலகை வையுங்கள். குடித்தால் வருவதில்லை இது. மூக்கு வழியாக ஏறுவது. முங்கிக் குளிக்கிற பிள்ளைகளைத்தான் தடுக்க வேண்டும். வந்துவிட்டால் நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

18.9, வியாழன்

லோவனியென்சிஸ். மெம்பர் போனிலேயே சிரித்தார்.

"அப்போ குளம் திறக்கலாம், அல்லே?"

கூடாது என்றேன். பார்த்தது ஒரு மூலையின் ஒரு லிட்டர். அதன் பங்காளி சுகமாக வாழும் இடத்தில் ஃபௌலேரியும் வாழும். கமிட்டியில் சொல்லிப் பார்க்கிறேன் என்று இழுத்தார். ரிப்போர்ட்டின் கடைசி வரியாக அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: பலகை இருக்கட்டும்.