நீங்க எங்கே சாப்பிடுவீங்க?

ஹோட்டலில் நுழைந்ததுமே கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிவிட்டார்கள். ‘‘இதைக் காட்டினாப் போதும்ப்பா. மூணு வேளையும் எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடலாம். எல்லாத்துக்கும் பணம் கட்டியாச்சு’’ என்றான் பையன். டல்லஸில் வேலை பார்க்கிறான். எங்களுக்கு மெக்ஸிகோவின் கான்கூன் கடற்கரையைக் காட்ட வேண்டும் என்று மூன்று மாதம் முன்பே புக் செய்திருந்தான்.

பஃபேயில் நாற்பது, ஐம்பது அயிட்டம். மீனும் இருந்தது. தோலை உரித்து, முள்ளை எடுத்து, மேலே வெள்ளை சாஸ் ஊற்றி, ஆபரேஷன் முடிந்து போர்வை போர்த்திப் படுக்கவைத்த பேஷன்ட் மாதிரி!

என் மனைவி தூத்துக்குடிக்காரி. அதை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு ரொட்டியும் நாலு துண்டு பப்பாளியும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மறுநாளும் அதே ரொட்டி, அதே பப்பாளி.

‘‘அம்மாவுக்கு இங்கே எதுவுமே பிடிக்கலை, இல்லே?’’ பையன் முகம் சுருங்கிவிட்டது.

‘‘நல்லாத்தானே இருக்கு’’ என்று அவள் பொய் சொன்னாள். அது பொய் என்று அவனுக்கும் தெரியும். ஆசையாக வாங்கிக் கொடுத்த சட்டை அளவு சரியில்லாமல் போனால், கொடுத்தவரும் வாங்கியவரும் முழிப்பார்களே... அப்படி இருந்தது எங்கள் மேஜை.

ரிசப்ஷனில் போய், ‘‘நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும்?’’ என்று கேட்டேன். பளபளவென்று ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். விலை எல்லாம் டாலரில். மெனுவில் அதே வெள்ளை சாஸ்.

அப்போதுதான் கேள்வியே தப்பு என்று உறைத்தது. டூரிஸ்ட்டுக்கு எது நல்லது என்று கேட்டால், டூரிஸ்ட்டுக்கான பதில்தானே வரும்?

அறையைச் சுத்தம் செய்ய வந்த அம்மாவிடம், பையனிடம் கற்றுக்கொண்ட மூன்றே மூன்று ஸ்பானிஷ் வார்த்தைகளை எடுத்துவிட்டேன். ‘‘தோந்தே கோமே உஸ்தே?’’ நீங்க எங்கே சாப்பிடுவீங்க? அந்த அம்மா ஒரு கணம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் ‘புவெர்த்தோ ஹுவாரெஸ்’ என்று எழுதிக் கொடுத்தார்.

கான்கூன் 1970-களில் அரசாங்கம் திட்டம் போட்டு எழுப்பிய ஊர். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மெல்லிய மணல் திட்டு. அதில் வரிசையாக ஹோட்டல்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் குடியிருப்பது தரைப்பக்கம் இருக்கும் நகரத்தில். ‘கொசினா எகொனோமிகா’ என்று நம் மெஸ் மாதிரி வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள், டாக்கோ விற்கும் கையேந்தி பவன்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். நகரத்தின் வடக்கு ஓரத்தில், தீவுக்குப் படகு புறப்படும் துறை புவெர்த்தோ ஹுவாரெஸ்.

‘‘வெளியே சாப்பிட்டு வயித்துக்கு ஏதாவது ஆயிட்டா? உங்களுக்கு பைபாஸ் ஆகியிருக்குப்பா’’ என்று பையன் தடுத்தான். அவன் பயமும் நியாயம்தான். ஆனாலும் கிளம்பினோம். பஸ் பிடித்து ராத்திரி ஏழரை மணிக்குப் போய் இறங்கினால், நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்த்துவைத்திருந்தார்கள். ‘செர்ராதோ!’ மூடியாச்சு.

மெக்ஸிகோவின் கரையோர ஊர்களில் மீன் கடைகள் பெரும்பாலும் பகல் கடைகள். காலையில் படகில் வந்த மீன், மதியம் தட்டில். சாயங்காலம் கடை சாத்திவிடுவார்கள். நாம் ராத்திரி எட்டு மணிக்கு மதியச் சாப்பாடு தேடிப் போனால் கிடைக்குமா? பட்டினியோடு திரும்பினோம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மதியம் ஒரு மணி. கடை நிறைய கூட்டம். கைக்குழந்தை, பாட்டி சகிதம் குடும்பம் குடும்பமாக! ஐஸ் பரப்பிய தட்டில் மீன்களைக் கொண்டுவந்து காட்டினார் கடைக்காரர். சங்கரா, களவா... பெயர்தான் வேறே தவிர, எல்லாம் நம்ம ஜாதிக்காரர்கள்.

என் மனைவி யாரையும் கேட்கவில்லை. விரலை நீட்டி ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தச் சிவப்பு. கண்ணை அமுக்கினாள். ‘‘இது காலைல பிடிச்சது. இதையே செய்யச் சொல்லு’’ என்றாள். கடைக்காரர் கைதட்டிச் சிரித்து, சமையல்கட்டுப் பக்கம் திரும்பி என்னவோ கத்தினார். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன் செவிச்சே பக்கம் நான் போகவில்லை, பையனுக்குக் கொடுத்த வாக்கு. வந்தது ‘டிக்கின் ஷிக்’. அச்சியோத்தே என்ற சிவப்பு விதையை அரைத்து, புளிப்பு ஆரஞ்சு ரசத்தில் கலந்து, மீனில் தடவி, வாழை இலையில் வைத்துச் சுடுகிற மாயா இனத்தாரின் சமையல். வாழை இலையைப் பார்த்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கூடவே அபனேரோ மிளகாய்ச் சட்னி. மாயா மொழியில் ‘ஷ்னிபெக்’, அதாவது நாய் மூக்கு. தின்றால் மூக்கு நாய் மூக்கு மாதிரி ஈரமாகிவிடும். ஆகிவிட்டது! குடிக்கப் புளித்தண்ணீர். ‘தமரிந்தோ’ என்கிறார்கள். அரபிகள் புளிக்கு வைத்த ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பெயரிலிருந்து வந்தது.

யோசித்துப் பாருங்கள். மிளகாய் அந்தப் பக்கத்திலிருந்து 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது. புளி பழைய உலகத்திலிருந்து கப்பலேறி அங்கே போனது. நம்ம மீன் குழம்பின் பாதி அந்த ஊர்க் கடன்.

இரண்டு நாள் பசி. மனைவி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள். நடுவில், பேச்சுவாக்கில், ஒரு பெரிய துண்டை முள் பார்த்து எடுத்து பையன் தட்டில் வைத்தாள். முப்பத்திரண்டு வயசுப் பையன் மறுக்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

‘‘சாரிம்மா. நல்ல ஹோட்டலாப் போட்டா சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன்.’’

‘‘நீ கூட்டிட்டு வரலைன்னா இந்த மீனை எங்கே தின்னுருப்பேன்?’’

ஊர் திரும்புகிற அன்று ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி. பையன் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான். கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் இருந்தது. டிரைவர் பக்கம் திரும்பிக் கேட்டான்:

‘‘தோந்தே கோமே உஸ்தே?’’