மெடிக்கல் ஷாப்பில் ஊசி போட்டால் என்ன?

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் பக்கம் போனால் உளிச்சத்தம் காதைப் பிளக்கும். உளி வழுக்கி விரலைப் பதம் பார்ப்பதும் நடக்கும். உடனே பக்கத்தில் இருப்பவர் சொல்வது, "ஒரு டிடி போட்டுக்கோப்பா!" (பழைய டிடி ரணஜன்னிக்கு மட்டும். இப்போதைய டிடியில் தொண்டை அடைப்பானும் சேர்த்தி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான் :-))

மருந்துக்கடையில் மருந்து கிடைக்கும். குத்துவதற்கு டாக்டரையோ நர்ஸையோ தேட வேண்டும். அன்றைய கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதா என்று பலர் அப்படியே விட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில் 2009க்குள் ஐம்பது மாநிலங்களிலும் பார்மசிஸ்டுகள் ஊசி போடலாம் என்று வந்துவிட்டது. எந்தத் தடுப்பூசி, எந்த வயதுக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கிலாந்தில் 2015 முதல் மருந்துக்கடையிலேயே அரசு செலவில் ஃப்ளூ ஊசி.

நம் ஊரில்? 2015ல் வந்த பார்மசி ஒழுங்குமுறை விதிகளில், மருந்து செலுத்துவதில் பங்கேற்பதும் பார்மசிஸ்ட் வேலையில் ஒன்று என்று ஒரு வரி இருக்கிறது. அவ்வளவுதான். எந்தத் தடுப்பூசி என்ற பட்டியல் கிடையாது. ஆனால் 2020 டிசம்பரில் கொரோனா தடுப்பூசிக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, ஊசி போடத் தகுதியானவர்கள் வரிசையில் டாக்டர், நர்ஸோடு பார்மசிஸ்டும் இருந்தார்! அவசரம் என்றால் முடிகிறது, பாருங்கள்.

அந்தக் கொரோனா சமயத்தில் செங்கல்பட்டு திருமணியில் பல நூறு கோடி செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம் உற்பத்தி இல்லாமல் கிடந்தது. 2021 மே மாதம் முதல்வர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார். அது தனிக் கதை.

சரி, எல்லா ஊசியையும் கடைக்கு விட்டுவிடலாமா? கூடாது. கடற்கரை நாய் ஆழமாகக் கடித்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும், அது ஆஸ்பத்திரி வேலை. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரி அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும், சான்றிதழும் அங்கேதான்.

டிடி, ஃப்ளூ இரண்டையும் பயிற்சி பெற்ற பார்மசிஸ்டிடம் தாராளமாக விடலாம். ஆனால் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்துபோன டிடி வீண். கரண்ட் போனால் தாங்குகிற ஃப்ரிட்ஜ், திடீர் அலர்ஜிக்கு அட்ரினலின், ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்கார ஒரு பெஞ்ச்... நம் ஊர்க் கடைகளில் அந்த பெஞ்சுக்குத்தான் முதலில் இடம் பிடிக்க வேண்டும்.