படகுகள் படியேறும் இடம்

நீர் பள்ளத்தை நாடும் என்பது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. ஆயினும் அந்த நீரையே துணையாகக் கொண்டு, பாரமான படகொன்றை மேட்டின்மேல் ஏற்றிவிடலாம் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டோம். அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, இயந்திரம் வேண்டியதில்லை. இரு சோடிக் கதவுகளும், அவற்றைத் திறந்து மூடப் பொறுமையுள்ள சில கைகளும் போதும். கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ரிடோ கால்வாயில் 1832ஆம் ஆண்டு தொடக்கம் இவ்விந்தை கோடைதோறும் நடந்து வருகின்றது.

சென்ற கோடை விடுமுறையில், ரொறன்ரோவில் வாழும் பழைய நண்பர் இருவர் குடும்பத்தினருடன் அக்கால்வாயைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்நாட்டிலே 'வீட்டு வாகனம்' ஒன்றை வாடகைக்கு அமர்த்திப் பிரயாணம் செய்வது வழக்கம். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீர்த்தொட்டி யாவும் அதனுள் அடக்கம். நண்பரின் துணைவியார் புட்டுக்குழலையும் இடியப்ப உரலையும் ஏற்றிக்கொண்ட பின்னர், அது யாழ்ப்பாணத்து வீடொன்று சில்லுப் பூட்டிப் புறப்பட்டது போலவே ஆயிற்று. கிங்ஸ்ரன் நகரம் வரை நெடுஞ்சாலையிற் சென்று, அங்கிருந்து வடக்கே திரும்பினோம். பாறையும் பைன் மரமும் ஏரியுமாக வழி நீண்டது. ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் சென்றதும் ஜோன்ஸ் நீர்வீழ்ச்சி என்னும் சிற்றூரை அடைந்தோம்.

பெயர்தான் நீர்வீழ்ச்சி; அங்கே நீர்வீழ்ச்சியைக் காணோம். முன்னொரு காலத்தில் ஒரு மைல் தூரம் பாறைகளிடையே பாய்ந்து, ஏறத்தாழ 60 அடி இறங்கிய ஆறு அது. இன்று அதன் மேற்பகுதி ஒரு பெரும் அணைக்குப் பின்னால் அமைதியான ஏரியாய்க் கிடக்கின்றது. அந்த 60 அடியையும் படகுகள் நான்கு நீர்ப்பூட்டுகள் வழியே ஏறியும் இறங்கியும் கடக்கின்றன.

"மாமா, படகு எப்படிப் படியேறும்?" என்று நண்பரின் இளைய மகன் கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையையே இங்கும் எழுதுகின்றேன்.

நீர்ப்பூட்டு என்பது கல்லாற் கட்டிய நீண்ட தொட்டி. ரிடோவில் அதன் நீளம் 134 அடி, அகலம் 33 அடி. மேற்புறத்தில் ஒரு சோடி மரக்கதவும் கீழ்ப்புறத்தில் ஒரு சோடி மரக்கதவும் உண்டு. கீழேயிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடிவிடுவர். பின்னர் மேற்புறத்து மதகைத் திறப்பர். மேலேயுள்ள நீர் உள்ளே புகுந்து, தொட்டியை மெல்ல நிரப்பும். நீர் உயர உயரப் படகும் உயரும். உள்நீரும் வெளிநீரும் ஒரு மட்டமானதும் முன்கதவு இலகுவாகத் திறக்கும். படகு அடுத்த படிக்குச் செல்லும். இறங்குவதற்கு இதே செயலைத் தலைகீழாகச் செய்யவேண்டும். இரு கதவுகளும் நேர்கோட்டில் மூடாமல், நீர் வரும் திசையை நோக்கிக் கூராகச் சந்திக்கின்றன. அதனால் நீர் எவ்வளவு அழுத்துகின்றதோ அவ்வளவுக்கு அவை இறுக மூடிக்கொள்ளும். எதிர்க்கின்ற சக்தியையே காவலாக்கிய அறிவை என்னென்பது!

கதவுகளை அசைப்பவை சங்கிலி பூட்டிய இரும்புச் சுழலிகள். அவற்றை அங்குள்ளோர் 'நண்டு' என்கின்றனர். கல்லூரி மாணவர் போலத் தோன்றிய இளைஞர் நால்வர் அவற்றின் கைபிடிகளைப் பற்றிச் சுற்றிச் சுற்றி நடந்தனர். கிணற்றடியில் துலா மிதித்தவர்களுக்கு அந்த நடையின் தாளம் தெரியும். படகொன்று நான்கு பூட்டுகளையும் ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. "இந்த நேரத்துக்குள்ளே நாங்கள் கிங்ஸ்ரனுக்கே திரும்பிப் போயிருக்கலாம், மாஸ்ரர்" என்றார் நண்பர். சொன்னாரேயன்றி, அவரும் அவ்விடம் விட்டு அசையவில்லை.

இக்கால்வாய் தோன்றியதன் காரணம் போர் அச்சம். 1812ஆம் ஆண்டு தொடங்கிய யுத்தத்தில் அமெரிக்கரும் பிரித்தானியரும் மோதினர். மொன்றியலிலிருந்து கிங்ஸ்ரனுக்குப் படையும் உணவும் செல்லும் சென். லோறன்ஸ் நதி, அமெரிக்க எல்லையோரமாக ஓடுகின்றது. எதிரி அதை மறித்தால் மேல்நாடு முழுவதும் துண்டிக்கப்படும். ஆகவே எல்லைக்கு அப்பால், ஒட்டாவா நதியிலிருந்து கிங்ஸ்ரன் வரை உள்நாட்டு நீர்வழியொன்று அமைக்கும் பணி, பொறியியற் படையைச் சேர்ந்த லெப்டினன்ற் கேணல் ஜோன் பை என்பவரிடம் 1826இல் ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 202 கிலோமீற்றர். ஆறுகளையும் ஏரிகளையும் அணைகளால் உயர்த்தி இணைத்து, 47 பூட்டுகள் கட்டி, ஆறே ஆண்டுகளில் முடித்தார்கள். பகீரதப் பிரயத்தனம் என்பது இதற்குத் தகும்.

ஜோன்ஸ் நீர்வீழ்ச்சியின் அணையைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வர். 60 அடி உயரமும் 350 அடி நீளமும் கொண்ட அக்கல்லணை, நீரை எதிர்த்து வில்லாக வளைந்து நிற்கின்றது. நீரின் பாரத்தை அவ்வளைவு இருபக்கத்துப் பாறைகள்மீது சுமத்திவிடுகின்றது. கட்டப்பட்ட காலத்தில் வட அமெரிக்காவிலேயே உயரமான அணை அதுவே. ஒரு கரையில் நின்று சுவரோரமாக மெல்லப் பேசினால் மறுகரையிற் கேட்கும் என்பதால் அதனை 'இரகசியம் பேசும் அணை' என்றும் சொல்வர். பிள்ளைகள் இருபுறமும் ஓடிநின்று அதைச் சோதித்து மகிழ்ந்தனர்.

பூட்டுகளின் அருகே மேட்டில் ஒரு சிறு வீடு உண்டு. பூட்டுக் காவலருக்காக 1841ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்டது. அதன் சுவர்களிலே துப்பாக்கி நீட்டத் துளைகள் விடப்பட்டுள்ளன. போருக்காகப் பிறந்த இக்கால்வாய் ஒரு போரையேனும் கண்டதில்லை. முதலில் வணிகப் படகுகளும், இப்போது உல்லாசப் படகுகளுமே இதிற் செல்கின்றன.

ஆயினும் உயிர்கள் பலியாகாமல் இல்லை. கால்வாய் வேலையில் ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர் என்பர். அயர்லாந்திலிருந்து வறுமையால் வந்தவர்களும் பிரெஞ்சுக் கனேடியருமே தொழிலாளரிற் பெரும்பாலோர். பாறைக்கு வெடிவைத்தபோது சிதறி இறந்தவர் சிலர். நோயால் இறந்தவர் பலர். அந்நோய்களுள் முதன்மையானது மலேரியா. குளிர்நாட்டிலே மலேரியாவா என்று வியப்போம். கோடையில் அச்சதுப்பு நிலங்களில் நுளம்பு பெருகியது. 1828இற் கேணல் பை அவர்களையே காய்ச்சல் வீழ்த்தியது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைத் தருவதாக அக்காலத்தோர் நம்பினர். நுளம்பே அதைக் காவுகின்றது என்பதை றொனால்ட் றொஸ் இந்தியாவில் நிறுவத் தொடங்கியது 1897இலேதான். கொயினா மருந்து அன்று இருந்தது. ஆனால் மண்வெட்டியை நம்பிப் பிழைத்தவனுக்கு அது எட்டாத விலையில் இருந்தது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. நம் நாட்டில் 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோயிற்று. கொயினா தரும் சின்கோனா மரத்தைப் பயிரிடுவதற்காகவே 1861இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பட்டது என்பதையும் மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வறிவிப்பைப் பத்திரிகையிற் படித்து எளிதாகக் கடந்தவர்களே நம்மில் அநேகர்.

மறுநாள் ஒட்டாவாவை அடைந்தோம். பாராளுமன்றக் குன்றின் அருகே, எட்டுப் பூட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டாவா நதிக்கு இறங்குகின்றன. கேணல் பை அமைத்த குடியிருப்பே பின்னர் தலைநகராயிற்று. முதலில் அவர் பெயரால் பைற்றவுண் எனப்பட்டது; 1855இலேதான் ஒட்டாவா ஆயிற்று. ஆனால் அவர் கதையும் இன்பமாக முடியவில்லை. செலவு 8 இலட்சம் பவுணைத் தாண்டியதென்று குற்றஞ்சாட்டி, 1832இல் அவரை இங்கிலாந்துக்குத் திருப்பி அழைத்தனர். எவ்வித மரியாதையும் பெறாமல் 1836இல் இறந்தார். ஒட்டாவாவிலே அவருக்குச் சிலை வைத்தது 1971இல். அவர்கீழ் உழைத்து மாண்ட தொழிலாளருக்கும் குடும்பத்தினருக்கும் பூட்டுகளின் அருகே கெல்ற்றியச் சிலுவை ஒன்று நாட்டப்பட்டதோ 2004இல்.

அந்தச் சிலுவையின்முன் மற்ற நண்பர் நெடுநேரம் நின்றார். நேரமாகிறதென்று நான் அழைத்தபோது அவர் சொன்னார்: "என்ரை பாட்டனார் வன்னியிலை காடுவெட்டப் போய்க் காய்ச்சலிலை செத்தவர். எங்கை தாட்டதெண்டு அப்பாவுக்கும் தெரியாது." வாகனம் ஓடியவர் அவர், வழியெல்லாம் பகிடி பேசி வந்தவர். நாற்பது ஆண்டு நட்பில் இதை அவர் எனக்குச் சொன்னது அன்றுதான்.

நம் குளங்கள் மன்னர் பெயரால் விளங்குகின்றன. அணைகள் அமைச்சர் பெயரால் திறக்கப்படுகின்றன. அவ்வாறு விளங்குவதில் தவறில்லை. திட்டமிட்டவனின்றி மண் தானாக அணையாகாது. ஆனால் மண் சுமந்தவனின்றித் திட்டமும் காகிதமாகவே கிடக்கும். ஒட்டாவாவில் அவனுக்காக அச்சிலுவையை நாட்ட 172 ஆண்டுகள் சென்றன. நாம் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இரணைமடுவின் கட்டிலோ கந்தளாய்க் கட்டிலோ நிற்க நேரும் மாணவர்கள், தம் வீட்டு முதியோரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: நம்மவர் யாரேனும் இங்கே வேலை செய்தார்களா? பெயர் கிடைத்தால் அதைக் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.