கேஜ் ஓட்டிய கோச்சு வண்டி

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, பல நாள் பிரக்ஞையின்றிக் கிடந்து, ரண சிகிச்சையால் உயிர்மீண்டு வீடு வந்து சேர்ந்தவரை முதல் மாதத்தில் பழங்களோடு போய்ப் பார்க்கிற நாம், ஆறாம் மாதத்தில் அவர் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் என்ன பேசுவதென்று அறியாமல் ஒதுங்கிப் போய்விடுகிறோம். காயம் ஆறிவிட்டது; நடக்கிறார், பேசுகிறார். ஆனால் சொன்னதையே சொல்கிறார், அற்பச் சப்தத்துக்கும் எரிந்து விழுகிறார், மத்தியானத்துக்குள் களைத்துப் போகிறார். அவர் பழைய ஆள் இல்லை என்று ஊர் தீர்மானித்துவிடுகிறது.

இப்படித் தீர்மானிக்கப்பட்டவர்களில் பிரசித்தி பெற்றவர் பினியாஸ் கேஜ். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்துக் காவண்டிஷ் என்னும் ஊரருகே, ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடிவைத்த கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரியாயிருந்த அவருக்கு அப்போது வயது 25. 1848 செப்டம்பர் 13-ஆம் தேதி, மருந்து கிட்டிக்கும்போது அகாலத்தில் வெடித்து, மூன்றடி ஏழங்குல நீளமும் சுமார் 6 கிலோ எடையுமுள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறிற்று. ஜான் ஹார்லோ என்ற டாக்டரின் சிகிச்சையில் பிழைத்தார். சமர்த்தரென்று பெயரெடுத்திருந்தவர் நிதானமிழந்து, வாய்க்கு வந்தபடி பேசுகிறவராகிவிட்டாரென்று முதலாளிகள் பழைய உத்தியோகத்தைத் தர மறுத்தார்கள். மூளையின் முன்பாகம் சேதமானால் சுபாவம் கெடும் என்பதற்குத் திருஷ்டாந்தமாக இவரைக் காட்டுபவர்கள் பெரும்பாலும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள்.

அது பாதிக் கதை. பிறகு கேஜ் ஹானோவர் என்ற ஊரில் ஒரு குதிரை லாயத்தில் ஒன்றரை வருஷம் போல வேலை பார்த்தார்; 1852-இல் தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்துக்குக் கப்பலேறி, வால்பரைஸோவுக்கும் சாந்தியாகோவுக்கும் இடையே ஆறு குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டியை ஓட்டி, தேகநிலை குன்றி 1859-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்த தாயாரிடம் திரும்பும்வரை, பல வருஷம் ஜீவனம் செய்தார். கருக்கலுக்கு முன் எழுவது, குதிரைகளுக்குத் தீனி வைப்பது, சேணம் பூட்டுவது, பாஷை தெரியாத பிரயாணிகளோடு பழகுவது என்று நாள்தோறும் மாறாத கிரமத்தோடு வந்த அந்த வேலையே, சிதைந்த மூளை தானாக ஏற்படுத்திக்கொள்ள முடியாத ஒழுங்கை வெளியிலிருந்து அளித்து, அவரை மீண்டும் மனிதர்களோடு வாழத் தகுதியாக்கியிருக்க வேண்டும் என்பது, கேஜின் சரித்திரத்தைத் துருவி ஆராய்ந்த மால்கம் மக்மில்லன் என்ற மனோதத்துவ அறிஞரின் அபிப்பிராயம். அது எனக்கு முற்றும் சரியாகவே படுகிறது.

ஏனெனில் எங்கள் ஊர் அரிசி மண்டியில் அதைக் கண்ணாரக் காண்கிறேன். விபத்துக்கு முன் அங்கே கணக்கெழுதியவரை மறுபடி பேரேட்டின் முன் உட்கார்த்தாமலும், பரிதாபப்பட்டுச் சும்மா சம்பளம் கொடுக்காமலும், மண்டிக்கார அண்ணாச்சி காலை வேலையை மட்டும் ஒப்படைத்திருக்கிறார். செய்ய வேண்டியவை வரிசையாக ஒரு நோட்டில் எழுதியிருக்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் கோடு கிழிக்கிறார். இன்னது செய் என்று சொல்வது அண்ணாச்சி ஒருவரே. நாலு பேர் நாலு விதமாக ஏவுவதில்லை. வெயில் ஏறுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போன நாட்களும் உண்டு. மறுநாள் அதைப்பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நான் பெரிய வைத்தியமென்றே மதிக்கிறேன்.

2021-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தால், தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது, மகத்தான காரியம். அதன்பின் வருகிற வருஷங்களோ மனைவியின் தலையிலும் தாயின் தலையிலும் விழுகின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிச் சொல்லும் 21 வகைகளிலும் மூளைக் காயம் தன் பெயரால் இடம்பெறவில்லை. அதைச் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும். அதுவரை காத்திராமல், கடையோ அச்சகமோ பட்டறையோ நடத்துகிற வாசகர்கள், தங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்குத் தினம் இரண்டு மணி நேர வேலையாவது நாளைக்கே கொடுத்துப் பாருங்கள்.