ஏன் ஓடுகிறோம்?

(மூன்றாமாண்டு வரலாறு மாணவி)

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்ற பழமொழியைப் பள்ளி நாட்களில் எத்தனையோ கட்டுரைகளில் எழுதியிருக்கிறோம். மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நானும் பார்க்கவில்லை, ஆறு வினாடியில் ஒரு வேலையை இழக்கும் வரையில்.

முதலாமாண்டு படிக்கையில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். பொதுப் பிரிவிலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பிலும் பெண்களுக்குக் கேட்கப்படும் 159 சென்டிமீட்டர் உயரமும் எனக்கு இருந்தது. அடுத்தது ஓட்டம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். ரயிலைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் அறியாத நான், பாதித் தூரத்திலேயே மூச்சு வாங்கி, 2 நிமிடம் 36 வினாடியில் கோட்டைத் தொட்டேன். அவ்வளவுதான், வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தோல்வி மனிதனைச் சிந்திக்க வைக்கும் என்பார்கள். "நம் மாணவ மாணவியர் எதற்காக உடற்பயிற்சி செய்கிறார்கள்?" என்ற கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. வகுப்பிலும் உணவு இடைவேளையிலும் கண்டவரையெல்லாம் கேட்டேன்.

மாணவர்களில் பலர், "போலீஸ், மிலிட்டரி" என்றார்கள். சிலர் கபடி, கிரிக்கெட் அணியில் இடம் பிடிக்க வேண்டும் என்றார்கள். இன்னும் சிலர், "கை கால் கொஞ்சம் முறுக்கா இருந்தா நல்லா இருக்கும் இல்ல?" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார்கள். அவர்களுக்குள் போட்டியும் உண்டு. ஒருவன் பத்து தண்டால் எடுத்தால் அடுத்தவன் பதினைந்து எடுக்க வேண்டும்!

மாணவியரின் விடை வேறு. "உடம்பு இளைக்கணும்" என்பதே முதல் விடை. "பெண் பார்க்க வர்றவங்க குண்டு என்று சொல்லிடுவாங்களாம்" என்றாள் திருவள்ளூர்ப் பக்கமிருந்து வரும் ஒரு தோழி. சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பதால் நடக்கச் சொல்லி மருத்துவர் கூறியதாக மற்றொருத்தி தணிந்த குரலில் சொன்னாள். "எனக்கும் ஆசைதான், எங்கே போய் ஓடுவது?" என்று திருப்பிக் கேட்டவர்களே அதிகம்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் மனிதத் தூண்டல் பற்றி 1985-ல் ஒரு நூல் எழுதினார்கள். பரிசுக்காகவும் பிறர் பேச்சுக்காகவும் செய்வது புறத்தூண்டல். அந்தச் செயலிலேயே இன்பம் கண்டு செய்வது அகத்தூண்டல் என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். எங்கள் விடைகளை அந்தத் தராசில் வைத்தால் ஆண், பெண் இருபாலாரின் விடைகளும் பெரும்பாலும் புறத்தூண்டலே. மாணவனைப் பணியும் போட்டியும் தள்ளுகின்றன. மாணவியை ஊராரின் கண் தள்ளுகிறது. வேடிக்கை என்னவென்றால், "இளைத்துக்கொள்" என்று சொல்லும் அதே ஊர்தான் "தெருவில் ஓடாதே" என்றும் சொல்கிறது!

என் வீட்டிலும் அதுவே நடந்தது. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடப் போகிறேன் என்றதும் அம்மா, "இருட்டுல பொம்பளப் புள்ள ஓடினா ஊரு இன்னா பேசும்?" என்று தடுத்தார். நைனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. "நான் ராவெல்லாம் இரும்போட மல்லுக்கட்டறேன். அத்த விட இன்னா பயிற்சி?" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தவறில்லை. நாளெல்லாம் உடலைத் தேய்ப்பவருக்கு உடற்பயிற்சி என்பது வேலையில்லாதவர் விளையாட்டாகத்தான் தோன்றும்.

மறுநாள் இரவு ஷிப்டு முடிந்து வந்தவர், கைகால் கூடக் கழுவாமல் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினார். "நீ ஓடும்மா, நான் பின்னாடியே வர்றேன்" என்றார். உறக்கம் சொக்கும் கண்ணோடு அவர் மிதிக்கும் சைக்கிளின் கிறீச்சொலி பின்னால் கேட்க, நான் முன்னால் ஓடினேன். முதல் வாரம் வேலைக்காக ஓடினேன். அடுத்த மாதம், தூக்கத்தைத் துறந்து வரும் நைனாவுக்காக ஓடினேன். பிறகு ஒரு நாள் ஏரியின் மேல் வெயில் எழும்போது, எதற்கென்று எண்ணாமலே ஓடிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். மூச்சு இரைக்கவில்லை, மனம் இலேசாக இருந்தது. நூல்கள் கூறும் அகத்தூண்டல் இதுதான் போலும்! நான்கு மாதங்களில் 400 மீட்டர் இரண்டு நிமிடத்திற்குள் அடங்கியது. மறுமுறை தேர்வு எழுதுவேன். ஆனால் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஓட்டத்தை நிறுத்த மாட்டேன்.

இப்போது என் பின்னால் சைக்கிள் வருவதில்லை. எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு தங்கைகள் உடன் ஓடி வருகிறார்கள். அவர்களைத் தடுத்தவர்களும் உண்டு. "அவ நைனாவே அனுப்பறாரு" என்ற ஒரு சொல்லே அவர்களுக்கு விடையாயிற்று.

1973-ல் தமிழகக் காவல் துறையில் முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டபோது ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என 22 பேர்தாம் இருந்தார்கள். அந்த 22 பேரும் எந்த ஊர்ப் பேச்சைத் தாண்டி வந்தார்களோ! வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. அதன் கீழ் அளவைப் பார்த்தால் நாளுக்கு இருபது நிமிடத்திற்குச் சற்று அதிகம். அந்த நேரம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. மாணவியரிடம் இல்லாதது இடமும் துணையுமே.

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகுப்புகள் தொடங்குமுன் ஒரு மணி நேரம் நம் விளையாட்டுத் திடலை மாணவியருக்கென ஒதுக்கித் தாருங்கள். மாணவ நண்பர்களே, உங்கள் தங்கை ஓட விரும்பினால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் செல்லுங்கள். தோழியரே, பிறர் கண்ணுக்காகத் தொடங்கினாலும் பரவாயில்லை, தொடங்குங்கள். ஓட ஓட, அது உங்களுக்கே உரியதாகிவிடும்.