நிற்கும் பக்கம்



இவ்வாரம் உங்களை ஒரு பனித்தளத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஐஸ் ஹாக்கி நம்மில் பலர் நேரில் கண்டிராத விளையாட்டு. காலணியின் அடியில் எஃகுத் தகடு பூட்டிக்கொண்டு வீரர்கள் உறைந்த பனியின்மேல் சறுக்கி ஓடுவார்கள். பந்துக்குப் பதிலாகக் கடினமான ரப்பர் வட்டு ஒன்று உண்டு. அதைப் 'பக்' என்பார்கள். மட்டையால் ஓங்கி அடித்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் தளத்தைக் கடந்துவிடும். ஆகவே இந்த ஆட்டத்தில் கால்களுக்கு முன்னே கண்கள் ஓட வேண்டும்.

1958 ஜனவரி 18 அன்று, கனடாவின் மான்ட்ரியல் நகர அரங்கில், பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்காக இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் களமிறங்கினார். அவர் பெயர் வில்லி ஓரீ. தேசிய ஹாக்கி லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவரே. அன்று பாஸ்டன் 3-0 என்று வென்றது. அவருடைய தோலின் நிறத்தை அரங்கம் முழுவதும் கண்டது. அவருடைய வலக்கண் ஏறக்குறைய முற்றிலும் பார்வை இழந்திருந்ததை அங்கிருந்தவர்கள் காணவில்லை.

அவர் கனடாவின் கிழக்கே உள்ள ஃப்ரெடெரிக்டன் நகரில் 1935ஆம் ஆண்டு பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்தின் கடைக்குட்டி. அமெரிக்காவில் அடிமைத்தனத்துக்குத் தப்பிக் கனடாவுக்கு வந்தவர்கள் அவருடைய முன்னோர். குளிர்காலத்தில் தகப்பனார் வீட்டின் பின்புறத்தில் நீரூற்றி உறையவைத்த தளத்தில், மூன்று வயதிலேயே அவர் சறுக்கப் பழகினார். பதின்ம வயதை எட்டியபோது அவருடைய வாஞ்சை ஒன்றே ஒன்றாயிருந்தது: தேசிய லீக்கில் ஆட வேண்டும். அந்நாட்களில் அந்த லீக்கில் இருந்தவை ஆறு அணிகள் மட்டுமே. கனடாவின் இளைஞர் அனைவரும் முட்டி மோதிய வாசல் அது.

1955-56 பருவத்தில், கிச்சனர் நகரின் இளையோர் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, திசை மாறிப் பறந்து வந்த பக் ஒன்று அவர் முகத்தைத் தாக்கியது. மூக்கும் கன்ன எலும்பும் முறிந்தன. வலக்கண்ணின் பார்வையில் 95 விழுக்காடு போய்விட்டது என்றும், இனி விளையாட்டை மறந்துவிட வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். ஏறக்குறைய இரண்டே மாதங்களில் அவர் மீண்டும் பனித்தளத்தில் நின்றார். ஒரு கண் பார்வையற்றவர் ஆடுவதற்கு லீக்கின் விதி இடம் தரவில்லை. ஆகவே அவர் அதை மறைத்தார். தமக்கு மிக நெருங்கிய ஓரிருவரிடம் மட்டுமே சொன்னார்.

இங்கே ஒரு சிறு விவரத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் ஆடியது இடப்பக்கத்தில். இடது ஓரமாக முன்னேறுகிறவருக்குத் தளத்தின் நடுவிலிருந்து வருவதெல்லாம் வலப்புறமாகவே வரும். தோழர்கள் தள்ளித்தரும் பக்கும், மோதித் தள்ள வரும் எதிராளியும் அவருடைய காணாத கண்ணின் திசையிலிருந்தே வந்தார்கள். எனவே ஒவ்வொரு முறையும் அவர் தலையை முழுவதுமாக வலப்புறம் திருப்பி, இடக்கண்ணால் நோக்க வேண்டியிருந்தது. சில வேளைகளில் பக்கைத் தவறவிட்டார். சில வேளைகளில் கோல் வாய்ப்பை இழந்தார். காண முடியாததை நினைத்துக் கலங்காமல் காண முடிகிறதில் கருத்தூன்றுவோம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அவருடைய தொடக்கம் வெற்றிப் பவனியாக அமையவில்லை. 1958இல் இரண்டே ஆட்டங்கள் ஆடிய பிறகு மீண்டும் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பப்பட்டார். 1960-61 பருவத்தில்தான் மறுபடி பாஸ்டன் அழைத்தது. 1961ஆம் ஆண்டின் முதல் நாளில், மான்ட்ரியல் அணிக்கு எதிராகத் தம் முதல் கோலை அடித்தார். அந்தப் பருவத்தில் 43 ஆட்டங்கள், 4 கோல்கள். அதோடு அவருக்கு அந்த வாசல் அடைபட்டது. தேசிய லீக்கில் அவர் பிறகு ஆடவே இல்லை.

அந்த நாட்களில் அமெரிக்க நகரங்களின் அரங்குகளில் அவர்மேல் வசைகள் பொழிந்தன. சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் முனையால் அவர் முகத்தில் இடித்து, மூக்கையும் இரண்டு பற்களையும் உடைத்தார். அவரும் திருப்பி அடித்தார்; அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்று உடைமாற்றும் அறையில் அமர்ந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த லீக்கை விட்டுப் போவதானால் தம் திறமைக் குறைவால் போகலாமேயன்றி, பிறர் துரத்தியதால் போகலாகாது என்பதே அது.

பிரியமானவர்களே, அவருடைய மனவுறுதியைப் புகழ்ந்து நான் இத்துடன் முடித்துவிடலாம். ஆனால் அவர் மறைத்துக்கொண்ட அந்தக் கண் என் மனதை விட்டு அகல மறுக்கிறது. ஏனெனில் நானும் ஒன்றை மறைத்தவன்.

எனக்கு இடக்காது கேளாது. பன்னிரண்டு வயதில் கண்ட காய்ச்சலில் அது போயிற்று. ஊழியத்துக்குத் தகுதியற்றவன் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சத்தால், இறையியல் பயிலும் நாட்களிலும் முதல் சபையிலும் அதை யாரிடமும் சொல்லவில்லை. எப்போதும் இடக்கோடியில் உள்ள இருக்கையைத் தேடி அமர்வேன். கேட்காதபோது புன்னகைப்பேன். அந்தப் புன்னகையால் சமாளித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிறன்று ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றேன். விதவைத் தாயார் ஒருவர் என் இடப்புறமாக வந்து ஏதோ சொன்னார். நான் வழக்கம்போல் புன்னகைத்துவிட்டு அடுத்தவரிடம் கைகுலுக்கத் திரும்பினேன். தம் மகன் மருத்துவமனையில் கிடக்கிறான், ஜெபிக்க வேண்டும் என்று அவர் அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார். அதன்பின் மூன்று மாதங்கள் அவர் ஆலயத்துக்கு வரவில்லை. பெருமைபிடித்த போதகர் என்ற பேச்சு எழுந்து, அது என்னையும் வந்தடைந்தது.

ஒரு மாலை அவர் வீட்டுக்குச் சென்றேன். கர்த்தருடைய கிருபையால் மகன் பிழைத்திருந்தான். "அம்மா, எனக்கு அந்தக் காது கேளாது" என்றேன். ஒரு மனிதரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் முறை. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இந்தப் பக்கம் வந்து நின்றிருப்பேனே, ஐயா." அடுத்த ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வந்தார். என் வலப்புறமாகவே வந்து நின்றார்.

இப்போது வில்லி ஓரீயிடம் திரும்புவோம். தேசிய லீக்கின் வாசல் அடைபட்ட பிறகு, அவர் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வேறொரு லீக்கில் ஆடச் சென்றார். லாஸ் ஏஞ்சலஸ் அணியில் ஆடிய காலத்தில் அவரை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வலது ஓரத்தில் ஓடுகிறவருக்குப் பக் இடப்புறமாக வரும். அங்கே அவருக்கு நல்ல கண் இருந்தது. கழுத்தைத் திருப்பும் அவசியம் வெகுவாகக் குறைந்தது. 1964-65 பருவத்தில் 38 கோல்கள் அடித்தார். அந்த லீக்கில் இருமுறை அதிகக் கோல் அடித்தவராக விளங்கினார். நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார். அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. அவர் நின்ற பக்கம் மட்டுமே மாறியிருந்தது.

தம் குறையை மறைத்ததற்காக அவரைக் குற்றப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் கதவை அடைத்திருப்பார்கள். உண்மையைச் சொல்கிறவனைத் தண்டிக்கும் இடத்தில் மனிதர் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள். ஆனால் நம்முடைய சபை அத்தகைய இடமாக இருக்கலாமா? இந்தக் கேள்வியைத்தான் இவ்வாரம் உங்கள்முன் வைக்கிறேன்.

பவுல் அப்போஸ்தலன் தம் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டார், அது நீக்கப்படவில்லை. ஆயினும் அவர் அதை மறைத்து வைக்கவில்லை. கொரிந்து சபையார் அனைவரும் வாசிக்கும்படி நிருபத்திலேயே எழுதினார். தம்மைக் குறைகூறியவர்கள் இருந்த சபைக்கே அதை எழுதினார் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

உங்களில் ஒருவர் தேர்வில் தோற்றதை வீட்டாரிடம் சொல்லாமல் நாட்களைக் கடத்திக்கொண்டிருக்கலாம். ஒருவர் கடனை, ஒருவர் நோயை, ஒருவர் உறக்கமற்ற இரவுகளைப் புன்னகையால் மூடிக்கொண்டிருக்கலாம். அனைவருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம் சொல்லுங்கள். அவரால் உங்கள் குறையை நீக்க முடியாமல் போகலாம். ஆனால் எந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்பதாவது அவருக்குத் தெரியும். உங்கள் அருகில் ஒருவர் பக்கைத் தவறவிடும்போது, அவரைத் திறமையற்றவர் என்றோ பெருமைக்காரர் என்றோ தீர்ப்பிடுமுன், அவர் காணாத பக்கம் ஒன்று உண்டோ என்று அன்போடு கேளுங்கள்.

2018இல் வில்லி ஓரீ ஹாக்கியின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 2022 ஜனவரி 18 அன்று, அவர் முதன்முதலாகக் களமிறங்கி 64 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், பாஸ்டன் அணி அவருடைய 22ஆம் எண் சட்டையை அரங்கின் உச்சியில் ஏற்றிக் கனப்படுத்தியது. அவர் மறைத்த கண்ணைப் பற்றி இன்று உலகமே அறியும். அதனால் அவருடைய மதிப்பு சிறிதும் குறைந்துவிடவில்லை.

நாம் இழந்ததை அறிந்தவரும், நம்மிடம் எஞ்சியிருப்பதைக் கொண்டு நம்மை நடத்துகிறவருமாகிய தேவன், நமக்குரிய பக்கத்தில் நம்மை நிறுத்துவாராக. பிறருடைய நல்ல பக்கத்தைத் தேடி வந்து நிற்கும் கிருபையையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.